தானாய் வந்த பழுப்பு

கிராண்ட் ராப்பிட்ஸில் பிப்ரவரி.
ஏரிப் பக்கமிருந்து வந்த பனி
ஜன்னலின் கீழ்ப்பாதியை மூடிவிட்டது.
எனக்கு அது வசதி. வெளிச்சம்
இடது தோளுக்கு மேலிருந்து மட்டும் விழவேண்டும்.
ஒற்றை பல்பு, கறுப்பு வெல்வெட் துண்டு,
ஐந்து மடங்கு பெருக்கும் கண்ணாடி.
அதற்கு மேல் பெருக்கினால்
எல்லாக் காசும் குற்றவாளிதான்.

இன்று முப்பத்தெட்டு செம்புக் காசுகள்.
அனுப்பியவர் பெயர் வராது, எண் மட்டும்.
நான் பார்த்துச் சீட்டு எழுதுவேன்.
எதிர் மேஜையில் ருத்தான் பூர்ஸ்மா
என் சீட்டைப் பாராமல் தன் சீட்டை எழுதுவாள்.
ஒத்துவராவிட்டால் டெல்மாரைக் கூப்பிடுவோம்.

முதலில் நிறம்.
மேப்பிள் பாகு, புகையிலை, ஆட்டு ஈரல்,
மழையில் ஊறிய செர்ரிக் கட்டை:
பழுப்பில் இத்தனை உண்டு.
இருநூறு வருடமாகச் சிவந்தே இருக்கிறேன்
என்று ஒரு காசு சொன்னால்
சாய்த்துப் பார்க்கவேண்டும்.
பிறந்த சிவப்பென்றால் திருப்பத் திருப்ப
ஒளி சக்கரத்து ஆரம்போல் சுற்றி ஓடும்.
தேய்த்து வரவழைத்த சிவப்பு
திட்டு வாங்கிய பிள்ளைபோல்
நின்ற இடத்திலேயே நிற்கும்.

அப்புறம் அச்சு விழுந்த விதம்.
தலையைச் சுற்றிப் பதின்மூன்று நட்சத்திரம்.
இடப்பக்கம் நாலைந்துக்கு நடுக்கோடே இல்லை.
தேய்ந்ததா, அச்சு எட்டவில்லையா?
நானும் ருத்தானும் மதியச் சாப்பாட்டை மறந்து
சண்டை போடுவது இதற்குத்தான்.
விரல் பட்டுத் தேய்ந்த இடம் மங்கிவிடும்.
அச்சு தொடாத இடம்
மொட்டையாக இருந்தும் மினுங்கும்.
இழந்தது வேறு, வாங்காமலே வந்தது வேறு.
இரண்டுக்கும் நடுவே சில சமயம்
ஒரு காரின் விலை.

இருபத்தேழாம் எண்.
1826. பெண் தலை. முகவாய்க்குக் கீழே
அரிசியளவு கீறல், சற்றே வளைந்தது.

கண்ணாடியைக் கீழே வைத்தேன்.

பத்தொன்பது வருடம் முன், கலமசூ வீட்டில்,
மாடிப்படிக்கு அடியில் ஒரு நிலவறை.
நாங்கள் அதைக் 'கீழே' என்போம்.
யாரோ பளபளவென்று தேய்த்துக் கெடுத்த காசு,
பதினோரு டாலர்.
கந்தகப் பொடியை வாசலினில் குழைத்துத் தடவி
வாஃபிள் சுடும் கருவியின் மூடிமேல் வைத்தேன்.
வீடெல்லாம் அழுகின முட்டை நாற்றம்.
'கீழே என்ன பண்றே, ஆன்சல்?'
மார்லிஸ் மேலேயிருந்து கத்தினாள்.
விடிவதற்குள் ஈரல் நிறம் வந்துவிட்டது.
முந்நூற்று நாற்பதுக்கு விற்றேன்.
வீட்டு ஹீட்டர் செத்துப்போன மாதம் அது.
ஹீட்டர் போக மிஞ்சியதில்
ஒரு தூண்டிலும் வாங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போது ஆறாவது நட்சத்திரத்தின் இடுக்கில்
ஊசிமுனையளவு ரோஜா நிறம் எஞ்சியிருந்தது.
என் கந்தகம் அங்கே எட்டவில்லை.
வாங்கியவர் கவனிக்கவில்லை.
இப்போது தேடுகிறேன். அங்கேயும் பழுப்பு.
யாருடைய மேஜை அறையிலோ, எந்த உறையிலோ
காற்று உட்கார்ந்து
நான் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்திருக்கிறது.
இது என்னுடையது, இது காற்றினுடையது என்று
என்னாலேயே கோடு கிழிக்க முடியவில்லை.

சீட்டில் நாலு கட்டங்கள்.
நிறம். அச்சு. பரப்பு. தரம்.
ஞாபகத்துக்குக் கட்டம் இல்லை.

ருத்தான் எழுதி மடித்தாள்.
நானும் எழுதினேன்: நிறம் செயற்கை.
பிரித்தபோது அவள் சீட்டில்
'இயல்பான பழுப்பு, அழகு' என்றிருந்தது.
'அழகு' என்று அவள் எழுதி நான் பார்த்ததில்லை.

டெல்மார் ஹோக்ஸ்மா வந்தார்,
காபிக் கோப்பையைத் தூரமாக வைத்தார்,
காசை விளிம்பில் பிடித்து
ஒரு சுற்று, மறு சுற்று.
'எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லையே.
நீ எங்கே பார்த்தாய், ஆன்சல்?'

'கீழே' என்றேன்.

அவர் தலையசைத்து, காசைப் புரட்டி,
இலைவளையத்தின் முடிச்சுக்குக் கீழே
விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு
தேட ஆரம்பித்தார்.